திருவண்ணாமலைக்கு வராமல் போன மனநல டாக்டர்



நம்ம ரமணாசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுப் பெரியவங்களைப் பத்தி நிறையக் கேட்டிருப்பீங்க. நான் எழுதப்போவது தென்னிந்தியா வரைக்கும் வந்தும் இங்கே வராமல் போன ஒருத்தரைப் பத்தி. அவர் கார்ல் யுங்.

1875 ஜூலை 26ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். யுங் டாக்டருக்குப் படித்து, 1900ல் சூரிச் நகர மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே ஒரு பாட்டி இருந்தார். ஏறக்குறைய 50 வருஷமா அங்கேயே இருந்தவர். யாரோடும் பேச மாட்டார். கையை மட்டும் ஒரே மாதிரி ஆட்டிக்கிட்டே இருப்பார். எல்லாரும் அதைப் பைத்தியம் என்று விட்டுட்டாங்க. யுங் விடவில்லை. முன்பெல்லாம் அவர் செருப்புத் தைப்பது போலவே கையை ஆட்டுவார் என்று தெரிந்தது. பாட்டி இறந்தபோது வந்த சகோதரரிடம் காரணம் கேட்டார். இளம் வயதில் செருப்புத் தைக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டாராம். அவர் மறுத்ததும் மனம் உடைந்து போனதாம். அர்த்தமில்லாதது என்று நினைத்த அசைவுக்குள் ஒரு வாழ்க்கையே இருந்திருக்கு!

1907ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டைச் சந்தித்தார். முதல் நாளே 13 மணி நேரம் பேசினாங்களாம். தன்னைவிட 19 வயது இளையவரான யுங்கைத் தன் வாரிசாகவே ஃபிராய்டு நினைத்தார். ஆனால் மனநோய்க்குப் பாலுணர்வே முக்கியக் காரணம் என்ற அவர் கருத்தை யுங் ஏற்கவில்லை. மனித குலம் முழுவதுக்கும் பொதுவான ஓர் ஆழ்மனம் உண்டு, கனவிலும் புராணத்திலும் அதுதான் பேசுது என்றார். 1913ல் இருவரும் பிரிந்தார்கள். அகமுகர், புறமுகர் என்று மனிதர்களை வகைப்படுத்திய புத்தகம் 1921ல் வந்தது.

அவர் மேல் பெரிய குறையும் உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ல், ஜெர்மானியர் நிறைந்த ஒரு மனமருத்துவச் சங்கத்துக்குத் தலைவரானார். யூதர் மனமும் ஜெர்மானியர் மனமும் வேறு வேறு என்றும் எழுதினார். இன்றுவரை அதற்காக அவரைக் கண்டிக்கிறாங்க. அது நியாயம்தான் என்பது என் கருத்து.

1937 கடைசியில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். ரமண மகரிஷியை ஏன் பார்க்கவில்லை? ஞானிகளின் உண்மையைக் கடன் வாங்கக்கூடாது, தன் உண்மையைத் தானே தேடணும் என்று நினைத்தாராம். ஆனால் திருவனந்தபுரத்தில் மகரிஷியின் சீடர் ஒருவரைச் சந்தித்தார். பெரிய குடும்பத்தைக் காப்பாற்றும், பள்ளி ஆசிரியர் போன்ற எளிய மனிதர் அவர். அவரிடமே ஞானத்தைக் கண்டதாக, மகரிஷி பற்றி ஹைன்ரிக் சிம்மர் எழுதி 1944ல் வெளிவந்த நூலின் முன்னுரையில் யுங் எழுதியிருக்கிறார். 1961 ஜூன் 6ல் மறைந்தார்.

நண்பர்களே, கிரிவலப் பாதையில் தனக்குத்தானே பேசிக்கிட்டு நடக்கிறவங்களைப் பார்க்கிறோம். சிலர் கேலி செய்யறாங்க, கல்லும் எறியறாங்க. அந்தப் பாட்டியின் கையை நினைச்சுப் பாருங்க. இனி யாரையும் லூசு என்று கூப்பிடாதீங்க. உங்களுக்கே மனசு கஷ்டமா இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்க. இல்லேன்னா 14416 என்ற இலவச எண்ணில் பேசுங்க.

– பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு