யாஸ்மின் அஹ்மட்: எல்லாரையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்த இயக்குநர்

ஒரு சின்னச் சீனப் பையன். பள்ளியில் தனக்குப் பிடித்த பெண் யாருன்னு கேமரா முன்னால் வெட்கத்தோடு சொல்கிறான். அவள் ஒரு மலாய்ப் பெண். அவளும் அவன் பேரையே சொல்ல, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

2007-இல் பெட்ரோனாஸ் வெளியிட்ட தேசிய தின விளம்பரம் இது. யூடியூபில் நீங்களும் பார்த்திருப்பீங்க. கான் விளம்பர விழாவில் தங்க விருது வென்ற இதை இயக்கியவர் யாஸ்மின் அஹ்மட்.

யார் இவர்?

1958-இல் ஜொகூரின் மூவார் வட்டாரத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் அரசியலும் உளவியலும் படித்தார். வங்கி வேலைக்குப் போய் இரண்டே வாரத்தில் விலகினார். பிறகு ஐபிஎம் நிறுவனத்தில் விற்பனைப் பணி. அதன்பின்தான் விளம்பரத் துறை.

1993-இல் லியோ பர்னட் நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகத்தில் சேர்ந்தார். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி என ஒவ்வொரு பண்டிகைக்கும் பெட்ரோனாஸ் விளம்பரத்துக்காக மக்களைக் காத்திருக்க வைத்தவர் இவர்தான்.

சினிமாவில் என்ன மாற்றினார்?

மலேசியாவில் மலாய்ப் படம், சீனப் படம், தமிழ்ப் படம் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஆனா தெருவில், பள்ளியில், சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் கலந்துதான் இருக்கிறோம். அதை அப்படியே திரையில் காட்டினார் யாஸ்மின். மொத்தம் ஆறு படங்கள். எல்லாவற்றையும் அவரே எழுதி இயக்கினார்.

'செப்பெட்' படம் ஈப்போவில் நடக்கும் காதல் கதை. ஓர்கெட் ஒரு மலாய் மாணவி. ஜேசன் திருட்டு விசிடி விற்கும் சீன இளைஞன். கதாபாத்திரங்கள் மலாய், ஆங்கிலம், கெண்டனீஸ் என மாறி மாறிப் பேசுவார்கள். ஓர்கெட் வீட்டில் பணிப்பெண்ணும் குடும்பத்தில் ஒருவராகவே சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்.

எல்லாருக்கும் பிடித்ததா?

இல்லை. 'செப்பெட்' 2005-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. தோக்கியோ விழாவிலும் விருது வாங்கியது. ஆனா தணிக்கையில் காட்சிகள் வெட்டப்பட்டன. அடுத்து வந்த 'குப்ரா'வும் விமர்சனத்துக்கு ஆளானது. இவருடைய படங்கள் பண்பாட்டைக் கெடுக்கின்றனவா என்று 2006-இல் தொலைக்காட்சியிலேயே விவாதம் நடந்தது. இன்னொரு பக்கம், இவர் காட்டும் மலேசியா ரொம்ப அழகாக இருக்கிறதே, நிஜம் அப்படியா என்று கேட்டவர்களும் உண்டு.

'முஅல்லாஃப்' படம் மலேசியத் திரையரங்குகளுக்கு வருவதற்கு முன்பே சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. மலேசிய ரசிகர்கள் 2009 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்க யாஸ்மின் உயிரோடு இல்லை.

நம்ம கதையும் இருந்ததா?

இருந்தது. கடைசிப் படமான 'டேலன்டைம்' 2009 மார்ச்சில் வெளியானது. பள்ளிப் பாட்டுப் போட்டிதான் களம். போட்டியில் பாடும் மெலூரை மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போகும் வேலை மகேஷுக்கு. கேட்டால் பதிலே சொல்வதில்லை, என்ன திமிர் என்று மெலூருக்குக் கோபம். அவனுக்குக் காது கேட்காது என்பது பிறகுதான் தெரிகிறது.

ஓர் இந்தியப் பையன், அதுவும் செவித்திறன் இல்லாதவன், காதல் கதையின் நாயகன். சிரிப்பு மூட்டவோ பரிதாபம் சேர்க்கவோ வைத்த பாத்திரம் இல்லை. மகேஷின் அம்மா தமிழில் பேசுகிறார். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தில், முஸ்லிம் பெண்ணோடு மகன் பழகுவதை எதிர்க்கிறார். ஆனா யாஸ்மின் அவரை வில்லியாக்கவில்லை. கோபத்துக்கு அடியில் இருக்கும் வலியைக் காட்டினார். அவருடைய மலேசியா வெறும் அழகான கற்பனை என்று சொன்னவர்களுக்கு இந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது.

சிங்கப்பூரின் அன்றைய சமுதாய மேம்பாடு, இளையர், விளையாட்டு அமைச்சுக்காகவும் அவர் 2009-இல் ஒரு விளம்பரம் எடுத்தார். இறுதிச் சடங்கில், கணவரின் குறட்டையைப் பற்றி மனைவி பேசுவார். மனைவி இந்தியர், கணவர் சீனர். அதைப் பற்றி விளம்பரம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

அதே ஆண்டு ஜூலையில், தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நடந்த சந்திப்பின்போது யாஸ்மின் மயங்கி விழுந்தார். இரண்டு நாள் கழித்து, 25ஆம் தேதி காலமானார். வயது 51.

இன்று அவர் ஏன் முக்கியம்?

2016-இல், எந்த மொழியில் எடுத்தால் அது மலேசியப் படம் என்ற சர்ச்சை அங்குள்ள திரைப்பட விழாவில் வெடித்தது. அந்த ஆண்டு சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை வென்றது ஷஞ்சே குமார் பெருமாளின் தமிழ்ப் படமான 'ஜகாட்'. யாஸ்மின் தன் படங்களில் எழுப்பிய கேள்விதான் அது: இந்த நாட்டின் கதை என்று சொன்னால், அதில் யார் யார் இருக்கலாம்? அவர் படங்களில் அதற்கு ஒரே பதில்தான். எல்லாரும்.