ரேஸ் கனவுக்கு வழி காட்டிய கோவை கரிவரதன்!

கோவை: செட்டிப்பாளையம் பக்கம் போனால் கார் ரேஸ் டிராக் ஒன்று இருக்கிறது. பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. யார் இந்த கரி?

கோவை மில் முதலாளி குடும்பத்து பிள்ளை எஸ்.கரிவரதன்தான் அவர். காசுக்கு பஞ்சமில்லை. ஆனால் உயிர் எல்லாம் கார் மேலதான்.

அப்போது ரேஸ் என்றாலே சென்னையை அடுத்த சோழவரம்தான். 2-ம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் நடக்கும். ரோட்டில் ஓடும் பியட், அம்பாசிடர், ஹெரால்டு கார்களைத்தான் பிரித்து மேய்வாங்க. பின்சீட்டைக் கழற்றி எடை குறைப்பாங்க. சிலிண்டர் ஹெட்டை சீவி, கார்புரேட்டரை மாற்றி வேகம் ஏத்துவாங்க. அசல் ரேஸ் கார் வேணும்னா வெளிநாட்டில் இருந்துதான் வரணும். அது பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டியது.

அந்த சோழவரத்தில் கார் ஓட்டிய கரிவரதன், சாதாரண வீட்டு பையனுக்கும் ஒரு வழி செய்தார். 1988-ல் மாருதி 800 என்ஜினை பின்பக்கம் பொருத்தி, ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் காரை உருவாக்கினார். அதுதான் பார்முலா மாருதி. பார்ட்ஸ் உள்ளூரிலேயே கிடைத்தது, செலவும் குறைந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால் பணம் ஜெயிக்காது, திறமைதான் ஜெயிக்கும்.

அந்தக் காரில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

2003-ல் செட்டிப்பாளையத்தில் டிராக் திறந்தபோது, அவர் பெயரையே வைத்தாங்க.