எழுத்தும் ஊதியமும்: சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்வும் பணியும்

பெண்கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சிறுமியர் பள்ளிகளின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்ட பெண்களுக்குக் கல்வி கிட்டிய வரலாறு வேறு. அது இன்னும் கடினமானது. சிறுமி ஒருத்தி பள்ளிக்குச் செல்லப் பெற்றோர் மனம் வைத்தால் போதும். இருபது வயதுப் பெண் ஒருத்தி முதன்முதலாகக் கரும்பலகையின் முன் அமர வேண்டுமானால், உண்ண உணவும், அச்சமின்றித் தங்க இடமும், படித்து முடித்தபின் சென்று சேர ஒரு பணியும் அவளுக்கு வேண்டும். இம்மூன்றையும் ஒருசேரச் சிந்தித்து, தமிழ் மண்ணில் செயற்படுத்திக் காட்டியவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். அவருடைய வாழ்வை அந்நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் குறிக்கோள்.

தோற்றமும் இளமையும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர் அரசுப் பணியில் இருந்தவர், தாயார் விசாலாட்சி. ஒன்பதாம் வயதில், நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டம் முழுமைக்கும் முதன்மை பெற்றார் சுப்புலட்சுமி. அத்தகைய மாணவிக்கும் அக்கால வழக்கம் விலக்களிக்கவில்லை. சிறுமியாக இருந்தபோதே திருமணம் நடந்தது. சின்னாட்களில் கணவர் இறந்தார். இல்லறம் இன்னதென்று அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

கைம்மையின் துயரம் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. நெய் நீக்கிய உணவும், பாயில்லாப் பரற்கற் படுக்கையுமாகக் கழியும் கைம்மை நோன்பினைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அ. மாதவையா தம் ‘முத்துமீனாட்சி’ நாவலில் இளங்கைம்பெண்ணின் வாழ்வை எடுத்துப் பேசி, மறுமணத்தைத் தீர்வாகக் காட்டினார். ஆந்திரத்தில் வீரேசலிங்கம் பந்துலு 1881 முதல் கைம்பெண் மறுமணங்களை நடத்தி வைத்தார். மறுமணம் செய்துகொள்ள விரும்பிய பெண்ணுக்கு அது விடுதலையே. விரும்பாதவளுக்கும் மணமகன் கிடைக்காதவளுக்கும் என்ன வழி? இவ்வினாவுக்குச் சுப்பிரமணிய ஐயரின் இல்லம் வேறொரு விடை கண்டது. மகளை அடுக்களை மூலையில் அமர்த்தாமல் தந்தையார் அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். தாமும் இளமையில் கணவரை இழந்தவரான சித்தி வாலாம்பாள் அவளுக்கு உற்ற துணையாக நின்றார்.

கல்லூரியில்

வீட்டில் தொடங்கிய படிப்பு கன்னிமாடப் பள்ளியில் வளர்ந்தது. அங்கிருந்த கிறித்துவக் கன்னியர் குடும்ப வாழ்வைத் துறந்து கற்பித்தலையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தமை அம்மையாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்தை விடாமலே அவ்வாழ்வைத் தாமும் வாழலாம் என்று அவர் கண்டார். பிற்காலத்தில் ‘சகோதரி’ என்னும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு இதுவே மூலம்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1911இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் என்று அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு கூறியது. இந்த ஒரு செய்தியை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அப்பட்டத்தின் அருமை விளங்கும். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. தெருவில் ஏளனம், குடும்பத்தாரைச் சாதிவிலக்குச் செய்வோம் என்னும் மிரட்டல், உறவினரின் புறக்கணிப்பு ஆகிய அனைத்தையும் தாண்டியே அவர் கல்லூரிக்குச் சென்றுவந்தார்.

இல்லம் தோன்றிய வகை

பட்டம் பெற்றவருக்கு நல்ல பணியும் நிம்மதியான வாழ்வும் எளிதிற் கிடைத்திருக்கும். தமக்குக் கிடைத்த வாய்ப்பு தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்பதே அம்மையாரின் கவலையாக இருந்தது. எழும்பூரில் தந்தையாரின் வீட்டில் நான்கு இளங்கைம்பெண்களுடன் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். வாலாம்பாள் அங்கே தாயின் இடத்தில் இருந்தார். 1912இல் சாரதா மாதர் சங்கம் அமைக்கப்பட்டு, இல்லத்துக்குத் தாய் அமைப்பாயிற்று.

இவ்விடத்தில் அம்மையாரின் நுண்ணறிவைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தையும், கார்வே 1896இல் புனேயில் கைம்பெண் இல்லத்தையும் தொடங்கியிருந்தனர். ஆகவே இல்லம் என்னும் கருத்து புதிதன்று. அம்மையார் அதனை அரசின் தேவை ஒன்றோடு பிணைத்தார். அதுவே அவர் செய்த புதுமை. சிறுமியர் பள்ளிகளைப் பெருக்க அரசு விரும்பியது. ஆண் ஆசிரியரிடம் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியர்களோ போதிய அளவில் இல்லை. ஒருபுறம் ஆளில்லாத பணியிடங்கள். மறுபுறம் பணியில்லாமல் வீட்டின் இருட்டில் வீணாகும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். இரண்டு குறைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தால் இரண்டும் தீரும் என்பதை அம்மையாரும், பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் ஐரிஷ் அம்மையாரும் ஒருசேரக் கண்டனர். அரசின் உதவி கிட்டியது இவ்வழியாகத்தான். கைம்பெண்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தால் சில நன்கொடைகளோடு முயற்சி நின்றிருக்கும். உங்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகளைத் தருகிறோம் என்று கூறியதால் அது நிலைத்தது.

கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை 1917இல் அரசு வாங்கி இல்லத்துக்கு அளித்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் தங்கிய சிறப்பும் உடையது. ஓசையின்றி ஒடுங்கி வாழப் பழக்கப்பட்ட பெண்கள் அங்கே உரக்கப் பாடம் படித்தனர், விளையாடினர், மழித்த தலையில் மீண்டும் முடி வளர்த்தனர்.

பயிற்சியும் பணியும்

படிப்பு முடிந்தால் அடுத்து என்ன? இவ்வினாவுக்கு 1922இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி விடையாயிற்று. அதன் முதல்வர் பொறுப்பை ஏற்ற அம்மையார் மூன்று நிலைகளில் பயிற்சியை வகுத்தார். பட்டதாரிகளுக்கு ஒன்று, எட்டாம் வகுப்பு நிறைந்தவர்க்கு ஒன்று, தொடக்கப்பள்ளியில் கற்பிக்க விரும்புவோர்க்கு ஒன்று. எந்தப் படியில் நிற்கும் பெண்ணும் அந்தப் படியிலிருந்தே ஒரு பணிக்குச் செல்ல இயலும் என்பதே இவ்வமைப்பின் பொருள். பட்டம் வரை படிக்க முடியாதவள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. பாடம் நடத்திப் பழக மாதிரிப் பள்ளி ஒன்றும் உடனிருந்தது. ஆங்கிலமும் உடற்பயிற்சியும் கைத்தொழிலும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

ஆசிரியை என்னும் பணி அப்பெண்களுக்கு அளித்தது ஊதியம் மட்டுமன்று. அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவள் குடும்பத்துக்குத் திங்கள்தோறும் பணம் தரக்கூடியவள் ஆனாள். எதிரே வந்தாலே தீய நிமித்தம் என்று ஒதுக்கப்பட்டவளைக் காலைதோறும் பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கினர். இத்தகைய மாற்றத்தை அறிவுரைகளால் விளைவிக்க முடியாது. மாதச் சம்பளம் அதனைச் செய்தது.

வயது என்னும் தடை

இத்துணை ஏற்பாடுகளுக்குப் பின்னும் ஒரு சாரார் வெளியே நின்றனர். ஐஸ் ஹவுஸ் இல்லத்து விதிகள் பதினெட்டு வயதைக் கடந்த கைம்பெண்களை ஏற்கவில்லை. வயது மிகுந்தவர்களுக்கோ தேவை இன்னும் மிகுதி; அவர்களுள் பலர் குழந்தைகளுக்கும் பொறுப்பானவர்கள். விதியை மாற்றுமாறு வாதாடிக் காலத்தைக் கழிக்காமல், அம்மையார் விதியின் எல்லைக்கு வெளியே வேறொரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சாரதா மாதர் சங்கத்தின் சார்பில் 1927இல் சாரதா வித்யாலயம் பிறந்தது. வயது வந்த பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியும் விடுதியும் ஒருங்கே அமைந்த இடம் அது. 1938இல் அதனை இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். தாம் வளர்த்த நிறுவனத்தைத் தம் உடைமையாகக் கருதாத மனம் பாராட்டுக்குரியது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் இந்நாட்டம் தளரவில்லை. 1942இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கென்றே ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல மையம் ஒன்றை ஏற்படுத்தினார். 1956இல் மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் சார்பில் வித்யா மந்திர் பள்ளி உருவாகத் துணைநின்றார்.

பொதுவாழ்வும் ஒரு குறையும்

நோயைத் தீர்க்க முயன்றவர் நோயின் வேரையும் மறக்கவில்லை. குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் வேண்டி, ஜோஷி குழுவின் முன் அம்மையார் சான்று பகர்ந்தார். அக்குழுவின் அறிக்கையை அடுத்து 1929இல் நிறைவேறிய சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக உயர்த்தியது. 1920இல் கெய்சர்-இ-ஹிந்த் பொற்பதக்கமும், 1958இல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் இருந்தார். 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றில் ஒரு குறையையும் மறைக்காமல் கூறுதல் கடமையாகும். ஐஸ் ஹவுஸ் இல்லம் பார்ப்பனக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. ஆசாரக் குடும்பங்கள் தம் பெண்களை நம்பி அனுப்ப வேண்டுமானால் அவர்களுடைய நியமங்களைக் காக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. அக்கணக்கு அப்பெண்களை வெளியே கொண்டுவந்தது உண்மை; பிற சமூகத்துப் பெண்களை வாசலுக்கு அப்பால் நிறுத்தியதும் உண்மை. பயிற்சிக் கல்லூரி பிறருக்கும் இடமளித்தது. எனினும் விடுதிகளில் ஏற்கப்படாத பெண்களுக்காக மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்க நேர்ந்தது என்பதைச் சேர்த்து நினைத்தால்தான் அக்கால வரலாறு முழுமை பெறும்.

அவர் விட்டுச்சென்ற பாடம்

அம்மையாரின் பணியிலிருந்து வயதுவந்தோர் கல்விக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. பயன் எங்கே என்று வயது வந்தவர் கேட்பார். கேட்பது அவர் உரிமை. ஒரு நாள் கூலியை இழந்தோ, ஒரு வேளை உறக்கத்தைத் துறந்தோ வகுப்புக்கு வருபவருக்குக் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுவது நிறைவான கல்வி ஆகாது. 1958இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் வயது வந்த பெண்களுக்குச் சுருக்கப் படிப்புகளைத் தொடங்கி, அவர்களை ஆசிரியை, செவிலியர் பணிகளுக்கு ஆயத்தம் செய்தபோது இதே உண்மை உணரப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். அங்கும் எழுத்து நிலைத்தது, அது பிழைப்போடு சேர்ந்தமையால்.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 73 பேருக்கு மேல் எழுத்தறிவு பெற்றிருந்தனர். 1911இன் நூற்றுக்கு ஒருவர் என்னும் நிலையோடு ஒப்பிட மலைப்புத் தோன்றுகிறது. ஆயினும் எஞ்சிய நால்வரில் ஒருத்தி யார்? அவள் பெரும்பாலும் பள்ளி வயதைத் தாண்டியவள். வயலிலும் கட்டட வேலையிலும் பிறர் வீட்டு அடுக்களையிலும் உழைப்பவள். பதினெட்டைக் கடந்துவிட்டாய், உனக்கு இங்கே இடமில்லை என்று அன்று விதி சொன்னது யாரிடமோ, அவளுடைய வழித்தோன்றல் இவள். பெண்கள் ஆசிரியப் பணியில் அமர்வதை இன்று இயல்பாகக் கொள்கிறோம். அந்த இயல்பை உண்டாக்கத் தம் வாழ்நாளைத் தந்த அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, இப்பெண்ணுக்கு எழுத்தோடு ஊதியத்துக்கான வழியையும் சேர்த்து அமைத்துக் கொடுப்பதே ஆகும்.