பரத்பூர்ச் சதுப்பும் சலீம் அலியும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமிருதீன் இல்லத்தில் வளர்ந்தார். மாமன் வேட்டையில் வல்லவர். மருகனுக்கும் அதுவே விருப்பம். ஒரு நாள் சிறுவன் தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் படிந்திருந்தது. அஃது என்ன பறவை என்பது மாமனுக்கும் விளங்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற் சென்று கேட்குமாறு அவர் அனுப்பினார். ஆங்கு மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். அன்று பிறந்த ஆர்வம் இறுதிவரை ஓயவில்லை.

பறவை நூல் கற்றார்க்கு அந்நாளிற் பிழைப்பு அரிது. பெர்லின் சென்று பயின்று திரும்பியவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆயினும் அவர் தளரவில்லை. சமஸ்தானங்கள் தோறும் சென்று பறவைகளை ஆராய்ந்தார்.

இராசபுதனத்துப் பரத்பூரில், சுமார் 29 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஒரு சதுப்பு நிலம் உண்டு. கியோலாதேவ் என்பது அதன் பெயர். மழைக்காலத்தில் நாரைகளும் நீர்க்காகங்களும் அங்குள்ள மரங்களிற் கூடு கட்டும். பனிக்காலத்தில் வடபுலத்து வாத்துகள் வந்து நீரை மறைக்கும். பரத்பூர் மன்னர்க்கு அதுவே வேட்டைக்களம். 1938இல் இராசப்பிரதிநிதி லின்லித்கோ பங்குகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அந்தக் கணக்கைப் பெருமையெனக் கல்லிலும் பொறித்து வைத்தனர்!

விடுதலைக்குப் பின் வேறோர் இடர் நேர்ந்தது. நீரை வடித்துச் சதுப்பைக் கழனியாக்க வேண்டுமென்று உழவர் கோரினர். உணவுக்கு அலமந்த நாட்டில் அஃது எளிதிற் புறந்தள்ளத்தக்க கோரிக்கையன்று. சலீம் அலி தலைமையமைச்சர் நேருவை அணுகி வாதாடினார். சதுப்பு பிழைத்தது, பறவைச் சரணாலயமாயிற்று. பின்னாளில் அவரும் கழகத்தாரும் அங்கு வாத்துகளைப் பிடித்து, எண் பொறித்த வளையங்களைக் காலிற் பூட்டிப் பறக்கவிட்டனர். அவற்றுட் சில சோவியத்து நாட்டில் அகப்பட, அவை வந்து போகும் வழி புலனாயிற்று.

1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. மாடு மேய்ப்பது பறவைகளுக்குத் தீங்கென்று சலீம் அலி போன்ற அறிஞர் கருதினர், மேய்ச்சல் தடுக்கப்பட்டது. ஊரார் கொதித்தெழுந்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னர் நீர்ப்புல் மண்டி, பறவைகள் நீந்த இடமின்றிப் போயிற்று. சலீம் அலி 1987 சூன் 20ஆம் நாள் மறைந்தார். அந்தப் புல்லை மேய்ந்து நீர்ப்பரப்பைத் திறந்து வைத்தவை எருமைகளே என்பதை, அவருடைய கழகம் பல்லாண்டு நடத்திய ஆய்வே எடுத்துக்காட்டிற்று.