பொம்மை செய்த பொறியாளர் குன்பெய் யோகோய்

மன்னர்களின் வரலாற்றைப் படிக்கின்றோம். புலவர்களின் வரலாற்றைப் படிக்கின்றோம். விஞ்ஞானிகளின் வரலாற்றைப் பாடமாகவே கற்கின்றோம். பிள்ளைகள் விளையாடும் பொருள்களைச் செய்தவர்களின் வரலாற்றை மட்டும் நாம் கேட்பதில்லை. கோடிக்கணக்கான பிள்ளைகளின் கைகளில் விளையாட்டுக் கருவிகளைக் கொண்டு சேர்த்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் ஜப்பானியர். பெயர் குன்பெய் யோகோய்.

அவருடைய வாழ்வை விளங்கிக்கொள்ள நம் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவே நல்ல பாடம் ஆகும். திருவிதாங்கூரின் திவான் இராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த அங்காடி அது. இன்றும் அங்கே தமிழ் ஒலி கேட்கின்றது. அத்தெருவில் வளர்ந்த மாணவர் எவரும் ஓர் உண்மையை அறிவர். புதிதாக வந்த பொருள் விலையின் உச்சியில் இருக்கும். எல்லாக் கடைகளிலும் அது தொங்கத் தொடங்கினால் விலை விழுந்துவிடும். விலை விழுந்தால் வணிகர் முகம் வாடும். யோகோய்க்கோ அப்போதுதான் முகம் மலரும். எல்லாரும் நன்கு அறிந்து, பழகி, விலை மலிந்துபோன பொருளை எடுத்து, யாரும் நினையாத வேறொரு பயனுக்கு அதைத் திருப்பிவிடுவதே அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட கொள்கை.

யோகோய் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கியோத்தோ நகரில் பிறந்தார். அந்நகரின் டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்றார். பெரிய மின்கருவி நிறுவனங்களில் வேலை தேடினார், கிடைக்கவில்லை. 1965இல் உள்ளூரிலேயே இருந்த நிண்டெண்டோ என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1889இல் தொடங்கிய அந்நிறுவனம் அன்று பூப்படம் பொறித்த சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்றுவந்தது. சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதே யோகோயின் வேலை. பொறியியல் பட்டம் பெற்றவர்க்கு அது பெருமை தரும் பதவியன்று.

வேலை குறைந்த நேரத்தில் அவர் ஒரு விளையாட்டுப் பொருள் செய்தார். குறுக்கும் நெடுக்குமான சட்டங்களைப் பிணைத்து, பிடியை அழுத்தினால் நீண்டு சென்று தொலைவிலுள்ள பொருளைப் பற்றும் கை அது. நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமௌச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. தலைவர் அழைத்தபோது, வசைதான் கிடைக்கும் என்று அஞ்சிச் சென்றார் யோகோய். அதையே விற்பனைப் பொருளாகச் செய் என்னும் கட்டளை கிடைத்தது. 1966இல் வெளிவந்த அந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. பழுது பார்க்க வந்தவர் பொம்மை படைப்பவர் ஆனார்.

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடுகளை ஷார்ப் நிறுவனத்தின் மசயுகி உவெமுரா விற்க வந்தார். மின்சாரம் உண்டாக்கப் பயன்படும் பொருள் என்றே எல்லாரும் அதைக் கருதினர். யோகோயோ, துப்பாக்கியிலிருந்து பாயும் ஒளியை அது உணரும் அல்லவா என்று எண்ணினார். அவ்வாறு பிறந்ததுதான் 1970இல் வந்த ஒளித் துப்பாக்கி விளையாட்டு. உவெமுராவும் பின்னர் நிண்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார்.

இவ்வேளையில் விளையாட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் புகுந்தது. ஜப்பானில் இல்லங்களுக்கென முதன்முதல் வந்த கருவி, எபோக் நிறுவனம் 1975இல் வெளியிட்ட டென்னிஸ் ஆட்டம். 1977இல் நிண்டெண்டோவும் மிட்சுபிஷியோடு சேர்ந்து ஆறு ஆட்டங்கள் கொண்ட ஒரு பெட்டியை வெளியிட்டது. திரையில் இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி, அவ்வளவுதான் ஆட்டம். ஆட்டத்தை மாற்ற வழியில்லை. சில நாள்களில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும்.

ஒருநாள் விரைவு ரயிலில் சென்ற யோகோய், அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டார். அக்காலத்தில் கால்குலேட்டர் நிறுவனங்கள் போட்டியிட்டு விலையைக் குறைத்துவந்தன. அதன் சிறு திரையும் சில்லும் மலிந்துவிட்டன. அவற்றைக் கொண்டே கைக்குள் அடங்கும் ஆட்டக் கருவியை அவர் அமைத்தார். நேரமும் காட்டும் அந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ 1980இல் வந்தது. பிறகு வந்த வகைகளையும் சேர்த்து நான்கு கோடிக்கு மேல் விற்றது.

அமெரிக்காவில் ஓர் ஆட்டப் பொறி விற்காமல் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தது. அதைப் பயன்படுத்திப் புதிய ஆட்டம் அமைக்கும் பணி ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளைஞருக்குக் கிடைத்தது, மேற்பார்வை யோகோயுடையது. 1981இல் பிறந்த ‘டாங்கி காங்’ உலகப் புகழ் பெற்றது. பின்னாளில் மாரியோ என்று பெயர்பெற்ற தச்சன் முதலில் தோன்றியது அதில்தான்.

அந்த ஆட்டத்தைக் கைக்கருவியில் கொண்டுவரும்போது ஒரு தடை நேர்ந்தது. ஆளை நான்கு திசைகளிலும் நகர்த்த வேண்டும். நீட்டி நிற்கும் கோல் வைத்தால் கருவி சட்டைப்பையில் அடங்காது. யோகோய் கூட்டல் குறி வடிவில் தட்டையான பொத்தான் ஒன்றை அமைத்தார். பார்க்காமலே கட்டைவிரல் திசை அறியும். 1982இல் வந்த அந்தச் சிறு பொத்தானே அடுத்த ஆண்டு பெருமாற்றத்துக்கு உதவிற்று.

1983 ஜூலை 15ஆம் நாள், 14,800 யென் விலையில், ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ வெளிவந்தது. சுருக்கமாக ஃபேமிகாம் என்பர். அமைத்தவர் உவெமுரா. ஆட்டங்களைத் தனித்தனிப் பேழைகளாகச் செருகி மாற்றலாம். ஜப்பானிய வீடுகளில் பிள்ளைகள் பாயில் அமர்ந்து விளையாடுவர். கோல் வைத்தால் மிதித்து ஒடித்துவிடுவர். ஆகவே யோகோயின் தட்டைப் பொத்தானையே அதில் வைத்தனர். உலகமெங்கும் ஆறு கோடிக்கு மேல் விற்ற கருவி அது. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வாணிகம் 1983இல் சரிந்துபோய்க் கடைக்காரர்கள் அதைத் தொடவும் அஞ்சினர். அப்போது யோகோய் செய்த சிறு எந்திர மனிதப் பொம்மைதான், இது வெறும் பொம்மை என்னும் தோற்றத்தைத் தந்து கடைக் கதவைத் திறந்தது.

நம் நாட்டுக் கடைத்தெருக்களுக்கு 1990களில் வந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் போலிகள். உண்மைப் பெயர் அவற்றில் இல்லை. ஆயினும் இந்தியப் பிள்ளைகளின் கட்டைவிரல் அழுத்தியது, பெயர் அறியாத அந்தக் கியோத்தோக்காரரின் பொத்தானையே.

1989இல் யோகோயின் குழு ‘கேம் பாய்’ என்னும் கைக்கருவியை வெளியிட்டது. வண்ணம் இல்லை, திரையில் பச்சையும் கருமையுமே. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையோடு வந்தன. உடன் இருந்தோரும் கலங்கினர். யோகோய் அசையவில்லை. வண்ணக் கருவிகள் ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றன. கேம் பாய் நான்கு பாட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. வண்ண வகையையும் சேர்த்துப் பதினோரு கோடிக்கு மேல் விற்றது. வெற்றிக்கு மூலம் கண்ணைப் பறிக்கும் பகட்டன்று. பிள்ளையின் கைக்காசை அறிந்த பரிவே.

எல்லாம் வெற்றியாகவே முடியவில்லை. 1995இல் அவர் படைத்த ‘வர்ச்சுவல் பாய்’ முப்பரிமாணக் காட்சி தரும் கருவி. மலிவான சிவப்பு விளக்குகளையே அதிலும் பயன்படுத்தினார். சிவப்பும் கருப்புமான காட்சி பலருக்குக் கண் வலி தந்தது. கருவி எட்டு இலட்சமும் விற்கவில்லை. மலிவு மட்டுமே மகிழ்ச்சி தராது என்பதை அவர் கொள்கையே அவருக்குக் கற்பித்தது.

1996இல் அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். தோல்வியே காரணம் என்று பலர் பேசினர். ஆனால் ஐம்பதைக் கடந்தபின் தனித்தொழில் தொடங்க வேண்டும் என்பது அவர் முன்னரே கொண்டிருந்த எண்ணம். கியோத்தோவில் சிறு ஆய்வகம் அமைத்து மீண்டும் உழைத்தார். 1997 அக்டோபர் 4ஆம் நாள், நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்சென்ற லாரியில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியவர்மீது வேறொரு கார் மோதிற்று. 56ஆம் வயதில் மறைந்தார். அவர் இறுதியாக உழைத்த ‘வொண்டர்ஸ்வான்’ 1999இல் வெளிவந்தது. அது ஒரே ஒரு பாட்டரியில் இயங்கியது. விலை 4,800 யென். அதனுடன் வந்த புதிர் ஆட்டம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினர்.

மாணவத் தோழர்களே, நல்ல ஆய்வுக்கூடம் இல்லை, புதிய கருவி இல்லை, கையில் பணம் இல்லை என்று நாம் காலங்கடத்துவது உண்டு. யோகோய்க்குக் கிடைத்தவை பழுதுபார்ப்பவர் வேலையும் மற்றவர்களுக்குப் பழகிப்போன பொருள்களுமே. அவற்றையே அவர் மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தார். நம் சாலைத் தெருவில் விலை விழுந்து குவிந்து கிடக்கும் பொருள்கள் எத்தனையோ! உற்றுப் பார்க்கும் கண்தான் வேண்டும்.