மண்ணெண்ணெய் விளக்கில் பிறந்த மருந்து

ஒரு காலத்தில் காலா ஆசார் என்ற பெயரைக் கேட்டாலே வங்காளத்திலும் அசாமிலும் ஜனங்கள் நடுங்கினார்கள். ஜுரம் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும், கைகால் குச்சியாகும், தோல் கறுக்கும். வைத்தியம் கிடைக்காதவர்களில் பிழைத்தவர் மிகச் சிலரே.

மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்த வியாதிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியே காரணம். 1903-ல் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டரும், சென்னை ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த டாக்டர் டோனவனும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். எதிரி யார் என்று தெரிந்தது. அவனை ஒழிப்பது எப்படி?

விடை கண்டவர் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. 1873-ல் பிறந்தார். தகப்பனார் ஜமால்பூரில் ரயில்வே டாக்டர். மகன் கணிதம், ரசாயனம், வைத்தியம் மூன்றையும் கற்றார். 1905-ல் கல்கத்தாவில் காம்ப்பெல் வைத்தியப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அந்நாளில் ஆண்டிமனி உப்பை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். குணம் தெரிந்தது, ஆனால் மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும், உபத்திரவமும் அதிகம். இதைவிட நல்ல மருந்து வேண்டும் என்று பிரம்மச்சாரி முனைந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. குழாய்த் தண்ணீர் இல்லை. மின்சார விளக்கு இல்லை. இரவில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டு உழைத்தார். 1920-ல் யூரியா ஸ்டிபமின் என்ற மருந்து பிறந்தது. மாதங்கள் பிடித்த வைத்தியம் சில வாரங்களில் முடிந்தது. அசாமில் அது பரவலாக வழங்கப்பட்டது. சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து வீடு திரும்பினார்கள்.

1929-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1934-ல் சர் பட்டம் வந்தது. 1946-ல் காலமானார்.

இன்று அந்த மருந்தின் இடத்தில் வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் காலா ஆசார் வராமல் தடுக்க மனிதருக்குப் போடும் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஒரு முறை வந்து குணமானவருக்குப் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. ஆகவே தடுப்பூசி சாத்தியமே என்று விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்.

அவர்கள் ஒரு புது வழியையும் சோதிக்கிறார்கள். பாக்டீரியாக்கள் தம் மேலுறையிலிருந்து குட்டிக் குமிழ்களை உதிர்க்கின்றன. குமிழுக்கு உயிர் இல்லை, அது பெருகாது. ஆனாலும் பகைவன் வந்துவிட்டான் என்று உடம்பு விழித்துக்கொள்ளும். அந்தக் குமிழில் ஒட்டுண்ணியின் புரதத்தை ஏற்றிவிட்டால், உடம்பு அதையும் அடையாளம் கண்டுகொள்ளும். ஒருவகை மூளைக்காய்ச்சல் தடுப்பூசியில் இத்தகைய குமிழ்கள் ஏற்கெனவே பயன்படுகின்றன. காலா ஆசாருக்கு இந்த முறை இன்னும் சோதனைச்சாலையைத் தாண்டவில்லை.

நோய் வந்தவரைப் பிழைக்க வைத்தார் பிரம்மச்சாரி. அது யாருக்கும் வராமலே செய்வது பின்வந்தவர்களின் வேலை.