சிறு தொல்லைகளைச் சிரித்து வென்ற தெரசம்மாள்

துணி துவைக்கும் நாள்.

மடத்துக் கன்னிகாஸ்திரீகள் நின்று கைக்குட்டைகளைத் துவைத்துக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மிக இளையவர். அவருக்கு எதிரே நின்றவர் துணியைத் தூக்கிப் போடும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெறித்தது.

எங்கே தெறித்தது? இளையவரின் முகத்தில்!

ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அல்ல. தெறித்துக்கொண்டே இருந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஓர் அடி பின்னால் நகர்ந்து, முகத்தை அழுத்தித் துடைத்துக் கொள்வோம். எதிரே நிற்பவருக்குச் சுருக்கென்று உறைக்கட்டும் என்று நினைப்போம்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் நகரவில்லை. தேடி வந்த செல்வத்தைத் தள்ளுவது மடமை என்று எண்ணி, அப்படியே நின்றார். அந்தச் சிறு துன்பத்தை ஏசுநாதருக்குக் காணிக்கை ஆக்கினார்.

அவர்தான் சிறுமலர் என்று உலகம் போற்றும் குழந்தை தெரசம்மாள். கல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டு செய்த அன்னை தெரசா வேறு, இவர் வேறு. அன்னை தெரசா தம் துறவுப் பெயரை எடுத்துக்கொண்டதே இவரிடம் இருந்துதான்!

தொட்டால் அழும் சிறுமி

பிரான்சு நாட்டில் அலான்சோன் என்ற ஊரில் 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி தெரசா பிறந்தாள். தந்தை கடிகாரத் தொழில் செய்தவர். தாய் பின்னல் ஜரிகை செய்து விற்றவர். பிறந்த குழந்தைகள் 9. பிழைத்தவர்கள் 5 பெண்கள். கடைக்குட்டி தெரசா.

அவளுக்கு 4 வயது ஆனபோது தாய் புற்றுநோயால் இறந்துபோனார். குடும்பம் லிசியே என்ற ஊருக்குக் குடியேறியது.

அதன் பிறகு தெரசா தொட்டதற்கெல்லாம் அழுதாள். அழுது ஓய்ந்ததும், அழுதுவிட்டோமே என்று மறுபடியும் அழுதாள்!

1886-ம் ஆண்டு கிறிஸ்துமஸ். நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். அந்த நாட்டு வழக்கப்படி, கணப்பு அடுப்பின் அருகே குழந்தையின் காலணியில் பரிசுகள் வைக்கப்பட்டு இருந்தன. களைத்துப் போயிருந்த தந்தை, நல்லவேளை, இந்த விளையாட்டு இந்த ஆண்டோடு ஒழிந்தது என்ற பொருளில் முணுமுணுத்தார்.

மாடிப்படி ஏறிக்கொண்டு இருந்த தெரசாவின் காதில் அது விழுந்தது. கண்களில் நீர் முட்டியது. இப்போது கீழே போகாதே என்று அக்காள் தடுத்தாள். தெரசா கேட்கவில்லை. கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கினாள். பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சிரித்தாள். தந்தையும் சிரித்தார்.

ஆண்டவர் தமக்கு அருள் செய்த இரவு அதுவே என்று பின்னாளில் அவர் எழுதினார்.

மடத்தில் பட்ட பாடு

1888-ம் ஆண்டு ஏப்ரலில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அப்போது வயது 15.

மடத்துக்குள் போனால் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தானே!

ஒரு மூதாட்டிக்கு நடக்க முடியாது. தினமும் மாலையில் அவரைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போகும் வேலையைத் தெரசம்மாள் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாக நடந்தால், விழப்போகிறேன் என்று மூதாட்டி கடிந்துகொள்வார். மெதுவாக நடந்தால், பிடியே இல்லையே என்று குறைப்படுவார். தெரசம்மாள் அவரை உட்கார வைத்து, ரொட்டியையும் நறுக்கிக் கொடுத்து, ஒரு புன்சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பில் கிழவியின் மனம் இளகியது.

தியான வேளையில் பின்னால் இருந்த ஒருவர் விடாமல் ஒரு சத்தம் செய்வார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும். தெரசம்மாள் திரும்பவில்லை. அடக்கி அடக்கி உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில், சத்தத்தை மறக்க முயல்வதை விட்டார். அதையே இனிய சங்கீதமாக எண்ணி ஏசுவுக்குப் படைத்தார்.

இன்னொருவரைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. பேச்சு, நடை எல்லாமே எரிச்சல் ஊட்டும். அவருக்காகவே அதிகமாக ஜெபித்தார். அவரிடமே அதிகமாகச் சிரித்துப் பேசினார். என்னிடம் அப்படி எதைக் கண்டீர்கள் என்று அந்த அம்மாளே வியந்து கேட்டாராம்!

எப்போதும் வென்றுவிட்டாரா? இல்லை. வாய் திறந்தால் கடுஞ்சொல் வந்துவிடும் என்று தோன்றினால், அந்த இடத்தை விட்டே ஓடிப்போவார். போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவது போலத்தான் என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டார். ஆனாலும் அப்படி ஓடுவதே சில சமயம் வெற்றி என்று கண்டார்.

எழுதவிடாத அன்பு

1896-ம் ஆண்டு புனித வாரத்தில் அவர் இரத்தம் கக்கினார். காசநோய்! உடல் நோயோடு மன நோவும் சேர்ந்தது. மோட்சம் உண்டு என்ற எண்ணமே இருண்டு போயிற்று. நம்பிக்கை எளிதாக இருந்ததால் அவர் சிரிக்கவில்லை. இருளிலும் நம்பிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

1897-ம் ஆண்டு ஜூன் மாதம். மடத்துத் தலைவியின் கட்டளைப்படி, தந்தை உபயோகித்த சக்கர நாற்காலியில் தோட்டத்தில் அமர்ந்து தம் வரலாற்றை எழுதினார். பிறரிடம் காட்ட வேண்டிய அன்பைப் பற்றி எழுதும் நேரம் பார்த்து, ஒருவர் மாற்றி ஒருவர் பேச வந்தார்கள். பத்து வரி சேர்ந்தாற்போல் எழுத முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு பேசினார். எழுத நினைத்ததைச் செய்தே காட்டினார்!

அதே ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி இறந்தார். வயது 24.

மறு ஆண்டில் அவர் எழுதியது நூலாக வந்தது. அச்சிட்டவை 2 ஆயிரம் பிரதிகள். பிறகு உலகமெங்கும் பரவியது. 1925-ம் ஆண்டு மே 17-ந் தேதி போப்பாண்டவர் 11-ம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 1927-ல் அவர் வேத போதகர்களின் பாதுகாவலர் ஆக்கப்பட்டார். அந்தச் சிறப்பில் அவருக்கு இணையாக இருப்பவர் நம் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்த புனித சவேரியார். கடல் தாண்டிச் சென்றவருக்கும் மடத்து வாசல் தாண்டாதவருக்கும் ஒரே மரியாதை!

பெரிய துன்பம் வந்தால் ஊரே ஆறுதல் சொல்ல வரும். குழாயடியில் இடிபட்டதற்கும், அடுத்த வீட்டுச் சத்தத்துக்கும் யார் ஆறுதல் சொல்வார்கள்? யாரும் பார்க்காத அந்தத் தொல்லைகளை ஆண்டவர் பார்க்கிறார் என்று தெரசம்மாள் நம்பினார்.

அந்த நம்பிக்கைதான் அழுமூஞ்சிச் சிறுமியைப் புனிதவதி ஆக்கியது.